காற்றுக்கு விட்ட கொடி

எங்கள் தெருவிலிருந்து கொடியக்காவை வெளியேற்றியவர்கள் இப்போது அவரைப் பற்றி மரியாதையாகப் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். "அந்த அக்காவும் தங்கச்சியும் நல்ல மனுஷிங்க. ஏதோ அவங்க கெட்ட நேரம்" என்று பாத்திரக்கடைக்காரர் வாடிக்கையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கெட்ட நேரம் எதுவும் வரவில்லை. வந்தவர் இவர்தான். மேலும், அவ்விருவரும் அக்காவும் தங்கையும் அல்லர். இவ்விரண்டு பிழைகளும் தெருவில் உண்மையாக நிலைத்துவிடுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது நல்லது.

கொடியக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. தெருவில் அதை அறிந்தவர் தபால்காரர் ஒருவரே. கொடியக்காவின் தந்தை கூடாரத் துணி தைக்கும் பட்டறை வைத்திருந்தார். மகள் திருமணப் பேச்சை இரண்டு முறை மறுத்தார். மூன்றாம் முறை மறுக்கவில்லை. தையல் இயந்திரத்தின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் கட்டிக்கொண்டு இந்த நகரத்துக்கு வந்துவிட்டார். இயந்திரத்தின் காலை விட்டுவிட்டு வந்தாயே என்று யாரோ கேட்டபோது, தன் காலே போதும் என்று சொன்னாராம். பாத்திரக்கடைக்காரருக்குச் சொந்தமான கட்டடத்தில், அவர் கடைக்கு ஒட்டினாற்போல், கீழே கடையும் மேலே இரண்டு அறைகளும் மொட்டைமாடியுமாக வாடகைக்குப் பிடித்தார். கடை குறுகலானது. வெட்டு மேசையைத் தாண்டிப் பின்புறம் செல்ல வேண்டுமானால் பருமனானவர்கள் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் தைத்தவை கொடிகள் மட்டுமே. பள்ளிக்கூடம், கால்பந்துக் கழகம், கப்பல் நிறுவனம், தொழிற்சங்கம், ஒருவர் தலையை ஒருவர் உடைக்கும் இரண்டு அரசியல் கட்சிகள் என எல்லாருக்கும் தைத்தார். "ரோட்டுலதான் ரெண்டு கட்சிக்கும் சண்டை. என் மேசையில பக்கத்துல பக்கத்துலதான் படுத்திருக்கும்" என்பார். சட்டைத்துணியைப் போல் கொடித்துணி தேய்ந்து சாவதில்லை; கம்பத்திலிருந்து விலகியிருக்கும் வெளியோரத்தில் அடிபட்டுச் சாகிறது. சவுக்கின் நுனியைப் போல் அந்த ஓரந்தான் காற்றில் சொடுக்குகிறது. ஆகையால் அவர் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. புதிய மாதிரியில் தைக்கும் முதல் கொடியை மொட்டைமாடிக் கம்பத்தில் ஏற்றிச் சில நாள் பறக்க விடுவார். இதற்குக் காற்றுக்கு விடுதல் என்று பெயர். தையல் தாங்கினால் மற்றவற்றையும் அவ்வாறே தைப்பார். எங்காவது பிரிந்தால், பிரிந்த அந்த நொடியே கொடி இறங்கிவிடும். தையலை மாற்றி மறுபடி ஏற்றுவார். பிரிந்த கொடி தன் கடைமேல் ஒரு நாழிகை பறந்தாலும் தன் மானமே பறந்ததாக அவர் கருதினார்.

தெருவுக்கு இது பழகிப்போன காட்சி. இந்த வாரம் ஒரு கட்சி, அடுத்த வாரம் எதிர்க்கட்சி, அதற்கடுத்து ஒரு கால்நடை மருத்துவமனை. மாடியில் பறப்பதைக் கொண்டு அவரை எந்தக் கட்சிக்காரர் என்றோ எந்த மாட்டுக்கு வைத்தியம் பார்ப்பவர் என்றோ எவரும் கேட்டதில்லை.

பித்தான் பிறகு வந்தவர். சட்டைத் தொழிற்சாலையில் பித்தான் துளை போட்டுக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். கம்பத்தோரம் வரும் தலைப்பட்டையில் கயிறு கோக்கும் பித்தளை வளையம் பதிக்க ஆள் வேண்டுமென்று கேள்விப்பட்டு ஒரு வார வேலைக்கு வந்தார், போகவில்லை. சிக்கனமாகப் பேசுவார், பேசினால் தைக்கும். அவர் துணிமூட்டையோடு மாடிக்குக் குடிவந்த அன்று பாத்திரக்கடைக்காரர் வாசலில் நின்று, "யாரு, தங்கச்சியா?" என்று கேட்டார். கொடியக்காவின் வாய் நிறைய குண்டூசிகள் இருந்தன. பேச முடியாமல் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலே பதினேழு ஆண்டுகளுக்கு உறவுமுறையாக நின்றது. கடையில் பித்தான் அவரை 'அக்கா' என்றே அழைத்தார். மாடிப்படி ஏறியதும் அந்த அக்காவைக் கீழேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்.

இருவரும் இணையராக வாழ்ந்தார்கள். இதை நான் யூகித்து எழுதவில்லை. பின்னாளில் பித்தானே சொன்னார். மாடியில் நடந்ததாக நான் எழுதுபவையும் அவர் சொன்னவையே.

சென்ற ஆண்டு ஒரு முற்பகலில் கல்லூரி மாணவி ஒருவரும் பேருந்து நடத்துநர் ஒருவரும் கடைக்கு வந்தார்கள். நகரத்தின் நடுச்சாலையில் ஓர் ஊர்வலம் நடக்கவிருந்தது. அதற்கு நாற்பது பெரிய கொடிகள் வேண்டும். மாணவி படம் காட்டினார். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம், ஊதா என ஆறு பட்டைகள். கொடியக்கா நீளம் கேட்டார், அகலம் கேட்டார், கையில் பிடிப்பதா கம்பத்தில் கட்டுவதா என்று கேட்டார். அத்துடன் நிறுத்திக்கொண்டார். மாணவிக்கு அது போதவில்லை. இது என்ன கொடி என்று கேட்கவில்லையே என்றார்.

"யார் கொடின்னு இந்தக் கடையில கேக்கறதில்லம்மா. எவ்வளவு பெருசுன்னுதான் கேப்போம்."

நடத்துநர், பயணச்சீட்டுக் கிழிக்கும் நிதானத்தில், கேளாமலே சொன்னார்: "ஆம்பளைய விரும்புற ஆம்பளை, பொம்பளைய விரும்புற பொம்பளை, நீ ஆணு நீ பொண்ணுன்னு ஊர் ஒட்டின சீட்ட ஏத்துக்காதவங்க, எல்லாருக்கும் சேத்து ஒரே கொடிக்கா. ஒளிஞ்சிருக்கிறவன் தூரத்துல இருந்து பாத்தாலும், நம்ம ஆளு அங்க இருக்காங்கன்னு தெரியணும். அதுக்குத்தான் இத்தனை கலர்."

பின்புறத்தில் ஓடிக்கொண்டிருந்த பித்தானின் இயந்திரம் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி ஓடியது.

முதல் கொடி தயாரானதும் மாடியில் பித்தான் சொன்னார்: "இத மட்டும் காத்துக்கு விடாத."

"எல்லாக் கொடியும் விடறோம்."

"எல்லாக் கொடியும் நம்மளப் பத்தினது இல்ல."

ஆறு பட்டை என்றால் ஐந்து நீள இணைப்பு; ஐந்தும் வெளியோரத்தில் வந்து முடியும்; காற்றுக்கு விடாமல் நாற்பதைத் தைத்துக் கொடுத்து ஊர்வலத்தின் நடுவில் பிரிந்தால் யாருக்குக் கேவலம் என்று கொடியக்கா நினைத்தாராம். காலையில் கொடி ஏறியது.

முதல் நாள் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வண்ணச்சாயக் கம்பெனி விளம்பரம் என்று ஒருவர் சொன்னார். மறுநாள் யாருடைய கைப்பேசியிலோ அதன் பொருள் வந்து சேர்ந்தது. நண்பகலுக்குள் அது எல்லாருடைய கைப்பேசிக்கும் போயிற்று. எங்கள் தெருவில் நல்ல செய்தி நடந்து போகும்; இதுபோன்றது ஓடும்.

பாத்திரக்கடைக்காரர் வணிகர் சங்கத் தலைவரும்கூட. அவர் கொடியக்காவின் கடைக்குள் கால் வைக்காமல் வாசலில் நின்று, அந்தக் கொடியை உடனே இறக்க வேண்டும், குடும்பங்கள் நடமாடும் தெரு இது என்றார். கொடியக்கா நிமிராமலே, காற்றுப் பார்த்து முடியவில்லை, முடிந்ததும் இறக்கிவிடுவேன் என்றார். இதே பதிலைத்தான் அடுத்த நாட்களில் எல்லாருக்கும் சொன்னார்.

அதன்பின் தெரு தன் குணத்தைக் காட்டியது. தேநீர்க் கடையிலிருந்து கண்ணாடிக் குவளையில் வந்த தேநீர் காகிதக் குவளைக்கு மாறியது, பிறகு நின்றேவிட்டது. பித்தான் போனால் மளிகைக்கடைத் தராசு வேறு யாருக்காவது நிறுக்கத் தொடங்கியது. ஒரு காலையில் கடையின் இரும்புக் கதவில் கழிவு எண்ணெய் பூசியிருந்தது. மறுநாள் அந்த எண்ணெயின் மேலேயே விரலால் ஒரு சொல் எழுதப்பட்டிருந்தது. அச்சொல்லை எழுதியவனுக்கு எழுத்துக் கற்பித்த ஆசிரியரை நினைத்து வருந்துகிறேன். கொடியக்கா மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அதைத் துடைத்தார். எதிர்க்கடைக்காரர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்தார்கள்.

இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து வந்ததுதான் வேடிக்கை. போன தேர்தலில் கல்லெறிந்துகொண்டவர்கள் ஒரே இருசக்கர வண்டியில் வந்திறங்கி, இனி உங்கள் கடையில் எங்கள் கொடியைத் தைக்கக் கொடுக்க மாட்டோம் என்றார்கள். மற்றதில் எல்லாம் வேறுபாடு உண்டு, இதில் மட்டும் தாங்கள் ஒன்று என்று ஒருவர் விளக்கமும் சொன்னார்.

"அப்ப உங்க ரெண்டு பேரையும் சேத்துவச்சது இந்தக் கொடிதான். அதுக்குக் கூலி குடுத்துட்டுப் போங்க" என்றார் கொடியக்கா.

அவர்கள் சிரிக்கவில்லை. வெட்டி வைத்திருந்த இரண்டு கட்சித் துணிகளும் மேசையில் வழக்கம்போல் அருகருகே கிடந்தன.

கொடியையும் அந்த வீட்டையும் சேர்த்து யோசிக்கத் தெருவுக்கு மேலும் சில நாட்கள் ஆயின. சங்கக் கூட்டத்தில் ஒருவர், அக்கா மூக்கும் தங்கை மூக்கும் எந்த விதத்திலும் பொருந்தவில்லையே என்றார். இன்னொருவர், இத்தனை ஆண்டில் ஒரு சொந்தக்காரர்கூட அந்தப் படி ஏறியதில்லை என்றார். பதினேழு ஆண்டு பார்க்காத கண்கள் ஒரே மாலையில் திறந்துகொண்டன. எல்லாரையும்விட அதிகம் கொதித்தவர் பாத்திரக்கடைக்காரர். "நான் கேட்டேங்க. தங்கச்சியான்னு வாயத் திறந்து கேட்டேன். தலைய ஆட்டினாங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை ஏமாற்றியவை ஒரு வாய் நிறைந்த குண்டூசிகள் என்பது அவருக்குத் தெரியாது.

கெடு வைத்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடி இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மாத முடிவில் கடையையும் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

வெளியே நடந்ததைவிட மாடியில் நடந்தது கடுமையானது. பித்தான் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். சமைத்தார்; ஒரு தட்டை மூடி வைத்துவிட்டுத் தனியே உண்டார். கொடியக்கா காற்றுப் பார்த்தல் முடியவில்லை என்று மறுபடி தொடங்கியபோது அவர் சொன்னது இது:

"அன்னிக்கு நீ ஆட்டின தலைக்குள்ளதான் இத்தனை வருஷம் வீடு கட்டிக் குடியிருந்தோம். இப்ப உன் வேலைக்காக அந்தக் கூரையப் பிரிச்சுட்ட. ஒரு துணி காத்துல நிக்குதா கிழியுதான்னு பாக்க என்னையும் சேத்துக் கட்டித் தொங்கவிட்டுட்ட."

கொடியக்கா எழுந்து கொடியைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போய்விட்டார். பித்தானுக்கு அதுதான் ஆறவில்லை. அவருக்கு இவ்வுலகில் இருந்தவை அந்த இரண்டு அறைகளும் அந்த ஒரு மனுஷியும். ஒரு வேலை வழக்கத்துக்காக இரண்டும் போகப்போகின்றன என்று நம்பினார்.

ஞாயிறு காலை, கொடியக்கா கடையில் இருந்தபோது, பித்தான் மொட்டைமாடிக்கு ஏறினார். தெரு அண்ணாந்து பார்த்தது. அவர் கயிற்றை அவிழ்த்தார். கொடி கப்பியில் கிறீச்சிட்டு இறங்கியபோது கீழே சிலர் கைதட்டினார்கள். ஒருவர் விசில் அடித்தார்.

பித்தானுக்கு அது காதில் விழவில்லை. கொடியை மடிக்கையில் வெளியோரம் அவர் கைக்கு வந்தது. பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு சாண் நீளம் தையல் பிரிந்திருந்தது. அது அன்றைக்குப் பிரிந்ததல்ல. பிரிந்த நூல்முனைகளில் தெருப்புழுதி ஏறிக் கறுத்திருந்தது. பல நாட்களுக்கு முன்பே பிரிந்துவிட்டது. காற்றுப் பார்த்தல் அப்போதே முடிந்துவிட்டது. எண்பதடி தூரத்திலிருந்து ஒரு தையல் தளர்வதைக் கண்டுபிடிக்கிற கண் கொடியக்காவுக்கு. நாள்தோறும் மாடியில் நின்று பார்த்தவர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பில்லை.

மடித்த கொடியுடன் அவர் கீழே வந்தபோது படியின் அடியில் பாத்திரக்கடைக்காரர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு. வென்றவருக்கு வரும் கனிவு அவர் முகத்தில் வந்திருந்தது.

"எனக்குத் தெரியும்மா, நீ நல்ல இடத்துப் பொண்ணு. சேர்க்கை சரியில்ல, அவ்வளவுதான். அவங்க காலி பண்ணட்டும். நீ மட்டும் மேல இருந்துக்க. யாரும் ஒரு வார்த்தை சொல்லாம நான் பாத்துக்கறேன்."

பித்தான் அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வழி மறித்த பீரோவைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் அவரைச் சுற்றிக்கொண்டு கடைக்குள் போனார். கொடியை வெட்டு மேசையில் விரித்தார். பிரிந்த இடத்தில் விரலை வைத்தார்.

"எப்ப பிரிஞ்சது?"

"ரெண்டாம் நாள்" என்றார் கொடியக்கா.

"அப்பவே ஏன் இறக்கல?"

கொடியக்கா கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"பாக்க நல்லா இருந்துச்சு. நம்ம வீட்டு மேல."

பாத்திரக்கடைக்காரரும் மற்றவர்களும் வாசலில் நின்று இதைக் கேட்டார்கள், அவர்களுக்கு விளங்கவில்லை. பிரிந்த கொடியைப் பறக்கவிடுவது அந்தக் கடையில் எவ்வளவு பெரிய குற்றம் என்பது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். கொடியக்கா தன் தொழிலுக்குச் செய்த ஒரே துரோகம் அது. அதைத் தொழிலின் பெயராலேயே ஊருக்கு முன் மூடி மறைத்தும் வந்திருந்தார்.

பித்தான் இயந்திரத்தின் முன் அமர்ந்தார். ஐந்து இணைப்புகளையும் பிரித்தார். சட்டையின் பக்கவாட்டில் போடுவதுபோல், ஒரு துணி விளிம்பை மற்றதற்குள் மடித்து நுழைத்து, மேலே இரட்டை வரித் தையல் ஓட்டினார். தொழிற்சாலையில் நாளெல்லாம் பார்த்த தையல் அது. கொடிக்கு அதைப் போட்டுப் பார்க்க இதுவரை தோன்றியதில்லை. கொடியக்கா எதிரே நின்று துணி சுருங்காமல் இழுத்துப் பிடித்துக்கொண்டார். கொடி தோற்றுவிட்டது என்று எண்ணிக் கலையத் தொடங்கியிருந்த கூட்டம், இயந்திரத்தின் ஓசை கேட்டு மறுபடி சேர்ந்தது.

வேலை முடிந்ததும் பித்தான் கொடியைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார். நடுப்படியில் நின்று திரும்பி, "வா, கயிறு புடி" என்றார். அந்தப் படியில், தெரு கேட்க, அக்கா என்ற சொல் அன்று வரவில்லை.

கொடி மறுபடி ஏறியது. கைதட்டியவர்கள் இப்போது கத்தினார்கள். ஒரு செருப்பு கைப்பிடிச் சுவரைத் தாண்டி வந்து விழுந்தது. அடுத்ததாக ஒரு கல் வந்து தண்ணீர்த் தொட்டியில் பட்டது. பாத்திரக்கடைக்காரர் நடுத்தெருவில் நின்று, இதுதான் முடிவா என்று கேட்டார்.

பித்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து சொன்னார்: "இதுதான். நீங்க சொன்னபடி காலி பண்றோம், ரெண்டு பேரும். நான் அவளுக்குத் தங்கச்சியும் இல்ல, சொந்தமும் இல்ல. பதினேழு வருஷமா அவளோட குடும்பம் நடத்துறவ. உங்ககிட்டச் சொல்ல நேரமில்லாமப் போச்சு, இப்பச் சொல்லிட்டேன். அந்த இன்னொரு செருப்பையும் போட்டுடுங்க, ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது."

செருப்புக்காரர் ஒற்றைக் காலில் நொண்டியபடி வீட்டுக்குப் போனார்.

மாதம் முடியும்வரை தெரு ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர்க் குழாயை மூடினார்கள். மின் கம்பியைத் துண்டித்தார்கள். கொடியக்கா கால்மிதி இயந்திரத்தில் நாற்பது கொடிகளையும் பித்தானின் தையலில் முடித்தார். மாடியில் பறந்தது கடைசி நாள்வரை பறந்தது. நூல் ஒன்றும் அசையவில்லை. சாமான் ஏற்ற எங்கள் தெருவில் எந்த வண்டிக்காரரும் வரவில்லை. நடத்துநரும் மாணவியும் எங்கிருந்தோ ஒரு சரக்கு வண்டி பிடித்து வந்தார்கள். வெட்டு மேசை வாசலில் நுழையாததால் காலைக் கழற்ற வேண்டியிருந்தது. எதிரே நாற்காலிகளில் அமர்ந்திருந்த ஆறேழு ஆண்களில் ஒருவர்கூட எழுந்து ஒரு கை கொடுக்கவில்லை. கம்பத்தைக் கொடியக்காவே பெயர்த்து எடுத்தார்.

அந்த மேசை இப்போது பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் ஒரு வீட்டில் கிடக்கிறது. அதற்கு முன் இரண்டு வீடுகளில், தங்கச்சியா என்ற அதே கேள்வியைக் கேட்டார்கள். பித்தான் தந்த விடையைக் கேட்டுக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் வீட்டுக்காரர் ஒரு மூதாட்டி. பணிமனையில் சக்கரம் மாற்றும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவரும் கேட்டார், நீங்கள் இருவரும் என்ன உறவு என்று. கொடியக்கா வாயைத் திறப்பதற்குள் பித்தான் தெருவில் சொன்னதையே சொன்னார்.

மூதாட்டி முகத்தைச் சுளித்துக்கொண்டு இருவரையும் நெடுநேரம் பார்த்தார்.

"எனக்குப் பிடிக்கல" என்றார். பிறகு, அவர்கள் மூட்டையைத் தூக்குவதைக் கண்டு, "பிடிக்கலன்னுதான் சொன்னேன். போகச் சொல்லல. அது என்ன கையில, கம்பமா? மாடியில நட்டா ஒழுகும். பக்கவாட்டுச் சுவர்ல நட்டுக்கங்க" என்றார்.

சுவரில் நட்டார்கள்.